நாலு என்று எழுதச் சொன்னவள்

அவளுடைய பெயரை இங்கே எழுத மாட்டேன். ஊரில் எந்தப் பெண்ணின் பெயரையும் அவள் வாய் தவறிக்கூட வெளியே விட்டதில்லை. அவளைப் பற்றி எழுதும்போது இந்த ஒரு விஷயத்திலாவது நானும் அவளைப் போல இருந்துவிட்டுப் போகிறேன். மற்ற எதிலும் அவளைப் போல இருக்க எனக்கு வாய்க்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இந்த வயதில் அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை.

மன்னார்குடிக்குக் கிழக்கே வாய்க்காலை ஒட்டிய ஒரு கிராமத்தில் நான் அரசாங்க நர்ஸாக இருந்தேன். ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கடைத்தெருச் சுவர்களில் கறுப்பும் சிவப்பும், சேரிப் பக்கம் மூங்கில் கழிகளில் செங்கொடி. அறுவடைக்கு அறுவடை கூலித் தகராறு. அரைப்படி நெல் கூடக் கொடு என்று ஒரு பக்கம் கேட்கும், வெளியூர் ஆளை இறக்குவேன் என்று இன்னொரு பக்கம் மிரட்டும். இதற்கு நடுவில் நான் போய் எல்லோரிடமும் இரண்டோடு நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும்.

சட்டசபையில் வருடா வருடம் மானியக் கோரிக்கை என்று ஒன்று வரும். எந்த இலாகாவுக்கு எவ்வளவு என்று பேசி முடிவு செய்வார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு என்று அங்கே ஒதுக்கிய பணம் கை மாறிக் கை மாறி எங்கள் கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது அது ஒரு வாடகை வீடாகவும், வாசலில் சிவப்பு முக்கோணம் போட்ட பலகையாகவும், ஒரு கால் ஆடும் மேசையாகவும் ஆகியிருந்தது. மேசைக்குப் பின்னால் நான். வாசலில் பூவரச மரத்தடியில் அவள்.

அவளுடைய வேலைக்கு ஊக்குநர் என்று பெயர். வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசி, கர்ப்பம் தரிக்காமல் இருக்க லூப் போட்டுக்கொள்ளவோ ஆபரேஷன் செய்துகொள்ளவோ அழைத்து வர வேண்டும். நிரந்தர வேலை இல்லை. அந்தப் பணத்தை நிறுத்திவிட்டால் மறுநாளே அவள் நடவுக்குப் போக வேண்டியதுதான். முன்னால் வயலில்தான் இருந்தாள். நாற்றுப் பறித்துப் பறித்து விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. மூன்று பிள்ளைகள். பெரியவன் பள்ளிக்கூடம் போனான், நடுவிலவள் வீட்டைப் பார்த்துக்கொண்டாள், சின்னவன் எப்போதும் அவள் இடுப்பில்.

நான் திருச்சியில் பயிற்சி பெற்றவள். மாதிரிப் படங்களைக் காட்டி, கர்ப்பப்பை எங்கே இருக்கிறது, குழாய் எங்கே இருக்கிறது என்று விளக்கத் தெரிந்தவள். பெண்கள் வருவார்கள், என் மேசையைப் பார்ப்பார்கள், ஒரு கும்பிடு போடுவார்கள், நேரே பூவரச மரத்தடிக்குப் போய் அவள் பக்கத்தில் குந்திக்கொள்வார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் சின்னவனுக்குப் பேன் பார்ப்பாள். பிறகு வந்தவள் ஏதோ சொல்வாள். இவள் தலையை ஆட்டுவாள். அவ்வளவுதான். மறுவாரம் அந்தப் பெண் உள்ளே வந்து, “அக்கா சொல்லிச்சுங்கம்மா, போட்டு உட்டுருங்க” என்பாள்.

அப்படி என்னதான் சொல்கிறாய் என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

“நான் எங்கங்கம்மா சொல்றேன். அதுங்க சொல்லுது, நான் கேட்டுக்கறேன்.”

“கேட்டா போதுமா? என்ன சொன்னா, ஏது சொன்னான்னு எனக்குத் தெரிய வேணாமா?”

“வயித்துல இருக்கறது வாய்க்கு வரப்படாதுங்கம்மா” என்றாள்.

இதை அவள் அடிக்கடி சொல்வாள். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஊரில் எவள் புருஷனுக்குத் தெரியாமல் லூப் போட்டிருக்கிறாள், எவள் மாமியாருக்குப் பயந்து நாள் தள்ளியதை மறைத்திருக்கிறாள், எவள் போன வருடம் எங்கே போய் எதைக் கலைத்துவிட்டு வந்தாள் என்பதெல்லாம் இவளுக்குத் தெரியும். கிணற்றில் போட்ட கல்லாக வைத்திருந்தாள். பஞ்சாயத்துத் தலைவர் மனைவியும் இவளிடம்தான் வந்தாள், கொல்லை வழியாக. மறுநாள் அந்த அம்மாள் தெருவில் எதிரே வந்தபோது இவள் அவளைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் ஒதுங்கி நின்றாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? “வலி தேவலாமா?” என்று நடுத்தெருவில் கேட்டிருப்பேன். என் வாய் அப்படி.

என் வாயை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. எனக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் ஆகியிருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து மாமியார் வந்து போகும்போதெல்லாம் என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போவார். தஞ்சாவூரில் காட்டாத டாக்டர் இல்லை. அந்த நான், ஐந்து பெற்றவளிடமும் ஆறு பெற்றவளிடமும் போய், போதும் நிறுத்து என்று சொல்ல வேண்டும். ஒருத்தி என் முகத்துக்கு நேரேயே கேட்டாள்: “பெக்காத மகராசி, ஒங்களுக்கு என்னங்கம்மா தெரியும்?” இன்னொருத்தி தன் கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டாள், என் கண் பட்டுவிடும் என்று. அந்தக் குழந்தையை அவள் மூடியது சரிதான். என் கண் அப்படித்தான் பார்த்தது.

பூவரச மரத்தடியில் இருந்தவளின் இடுப்பிலும் முதுகிலும் காலிலும் பிள்ளைகள் ஏறி விளையாடும். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒரு கையால் சின்னவனைத் தள்ளிவிட்டுக்கொண்டே இன்னொருத்தியின் கதையைக் கேட்பாள். அவள் தள்ளிய பிள்ளையை நான் ஒரு தரம் தூக்கினேன். என் வெள்ளைப் புடவையைப் பார்த்து ஊசி போட வந்ததாக நினைத்து வீரிட்டு அழுதான்.

ஒரு தை மாதம், அறுவடை நேரத்தில் கூலித் தகராறு முற்றி யாரும் வயலில் இறங்கவில்லை. கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. மேலிடத்திலிருந்து எனக்கு நெருக்கடி. ஆபரேஷன் முகாம் நடத்து, இத்தனை கேஸ் கொண்டு வா என்றார்கள். எனக்கு ஒரு புத்திசாலித்தனம் தோன்றியது. வேலைநிறுத்தம் நடக்கிறது, பெண்கள் வீட்டில் சும்மாதானே இருக்கிறார்கள், இப்போதே முகாமை வைத்துவிட்டால் என்ன?

“இப்ப வேணாங்கம்மா” என்றாள் அவள். “சித்திரையில வச்சுக்குவோம். ஆத்துல தண்ணி தொறந்து நடவு வர்றதுக்குள்ள ஒடம்பு தேறிடும்.”

“சித்திரை வரைக்கும் என்னைக் கேக்கறவங்களுக்கு யார் பதில் சொல்றது?”

ஆனாலும் எனக்காகப் போய் பதினாலு பெண்களைச் சம்மதிக்க வைத்தாள். பெயர்களை அவள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்த குரலில் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.

முகாம் மன்னார்குடியில். போக வண்டி இல்லை. இலாகா ஜீப் கெட்டுக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து மிராசுதார் வீட்டுக் காரியக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். “ஐயா சொல்லிவிட்டாரு, நம்ம டிராக்டரை எடுத்துக்கிடுங்கன்னு. நல்ல காரியத்துக்குத்தானே. எந்தெந்த வீட்டுல ஏத்தணும், சொல்லுங்க.” நான் மகிழ்ந்து போய்ப் பட்டியலை அப்படியே எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அந்த ஊரில் பிறந்த ஒரு சின்னக் குழந்தைகூட இந்தக் காரியத்தைச் செய்திருக்காது. அந்த டிராக்டர் வந்த பிறகுதான் உழவுக்கு ஆள் வேண்டாம் என்று ஆனது. வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரப் போவதும் அதே டிராக்டர்தான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அதில் ஏறி நின்றுகொண்டு காரியக்காரர் தெரு முனையில் பட்டியலைப் பிரித்து, பெயர் பெயராகச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். இன்னாருடைய பெண்டாட்டி, இன்னாருடைய மருமகள், ஆபரேஷனுக்கு வா என்று.

பதினாலு பேரில் ஒன்பது பேர் வீட்டில் சொல்லாதவர்கள்.

கதவுகள் சாத்திக்கொண்டன. செங்கொடிக்காரர்களில் ஒருவன் டிராக்டர் முன்னால் வந்து நின்று கத்தினான்: “கூலி கேட்டா குடுக்க மாட்டான். எங்க பொம்பளைங்க வயித்த அறுக்க மட்டும் வண்டி அனுப்புவானா? எங்க தலைய எண்ணிக் குறைக்கப் பாக்கறானா?” டிராக்டர் வெறும் பெட்டியோடு திரும்பியது. அன்று மதியம் இரண்டு வீடுகளில் அடி விழுந்த சத்தம் எங்கள் தெரு வரை கேட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லை, அந்தப் பெண்கள்.

அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்னவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். “அது சத்து மாத்திரை குடுக்க எழுதுன லிஸ்டுண்ணே. அந்தக் காரியக்காரன் எடுத்துக்கிட்டுப் போயி ஆபரேஷன்னு கத்துனா, அதுக்கு ஒம் பொண்டாட்டி என்னா பண்ணும்?” என்று ஒவ்வொரு புருஷனிடமும் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். அவள் சொன்னால் நம்புவார்கள். மறுநாள் சத்து மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பதினாலு வீட்டுக்கும் கொடுத்து அதை உண்மையாகவும் ஆக்கிவிட்டாள். என்னைக் காப்பாற்றியதும் அந்தப் பொய்தான். நன்றி தோன்ற வேண்டிய இடத்தில் எனக்கு எரிச்சல்தான் தோன்றியது. நான் செய்த தப்பைக்கூட என்னைவிட நன்றாகச் செய்து முடிக்கிறாளே என்று இருந்தது.

சித்திரையில் அந்தப் பதினாலு பேரில் பதினோரு பேர் வந்தார்கள், நடந்தே, இரண்டு இரண்டு பேராக. எனக்காக வரவில்லை.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்த வருடம் நடவு நேரத்தில் ஒருத்தியை நாற்றங்கால் வரப்பிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். அது அவளுக்கு ஏழாவது. காலை பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பதினொன்றரைக்கு இரத்தப்போக்கு நிற்காமல் தாய் போய்விட்டாள். வண்டி வந்து சேர்வதற்கு முன்பே போய்விட்டாள். அவளுடைய புருஷன் வாசலில் உட்கார்ந்து அழுதான். வீட்டில் ஆறு இருக்கிறது, ஊரைவிட்டே போகப் போகிறேன், இதை நீங்களே யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று கைகூப்பினான்.

குழந்தை என் கையில் இருந்தது. நான்தான் தொப்புள்கொடி அறுத்தேன், நான்தான் குளிப்பாட்டினேன். சர்க்கரைத் தண்ணீரில் பஞ்சை நனைத்து வாயில் வைத்தேன். சப்பியது. என் விரலைப் பிடித்துக்கொண்டது. எட்டு வருடமாக நான் கேட்டது, யாரும் கொடுக்க மறுக்காமல், என் மடியில் கிடந்தது.

“நீங்களே வச்சுக்குங்கம்மா” என்றாள், மரத்தடியிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்ற அவள்.

அந்தச் சமயத்தில் எனக்கு என்னென்னவோ தோன்றியது. மாமியார் முகம் தோன்றியது. எந்தத் தெருக் குழந்தை என்று எங்கள் தெருவில் கேட்பார்களே என்று தோன்றியது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். “அவர்கிட்ட கேக்கணும். நாளைக்குச் சொல்றேனே” என்றேன்.

குழந்தை அழ ஆரம்பித்தது. சர்க்கரைத் தண்ணீர் போதவில்லை. நான் ஆட்டினேன், தட்டினேன், தோளில் போட்டேன். அது நீலம் பாரிக்க அழுதது. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து அதை வாங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, ரவிக்கையைத் தளர்த்தினாள். சின்னவன் இன்னும் பால் மறக்கவில்லை. அழுகை சட்டென்று நின்றது. குழந்தை முழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் என் வீட்டுக்காரர், “தூக்கிட்டு வா, அம்மாவை நான் பாத்துக்கறேன்” என்று சொல்லி அனுப்பினார். நான் ஓடினேன். அதற்குள் குழந்தைக்கு அவள் குடிசையில் தொட்டில் கட்டியிருந்தது. நடுவிலவள் ஆட்டிக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். நான் கேட்கவில்லை. எனக்கு ரோஷம். ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று அவள்மேல் கோபம். பசித்த குழந்தை நாளைக்கு வரை பொறுக்காது என்பது நர்ஸுக்குத் தெரியாதா? தெரியும். கோபத்துக்குத் தெரியவில்லை.

அந்தக் குழந்தை வளர வளர எனக்குள் அந்தக் கோபமும் வளர்ந்தது. பூவரச மரத்தடியில் தூளி கட்டியிருப்பாள். குழந்தை குப்புற விழுந்த நாள், தவழ்ந்த நாள், முதல் பல், இரண்டாவது பல் எல்லாம் எனக்குத் தெரியும். எடை பார்க்கிறேன் என்று சொல்லி வாரம் ஒரு தரம் தூக்கிக்கொள்வேன். எடை பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது.

அப்போதுதான் புது ஜி.ஓ., அதாவது அரசாங்க உத்தரவு, வந்தது. ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் வீட்டிலேயே பிள்ளைகள் நிரம்பிக் கிடந்தால் எப்படி என்று சட்டசபையில் யாரோ கேட்டார்களாம். அதனால் குடும்பக் கட்டுப்பாட்டுப் பணத்தில் ஊதியம் வாங்கும் ஊக்குநருக்கு மூன்று குழந்தைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் வேலை இல்லை. சுற்றறிக்கையைப் பிரித்துப் படித்த முதல் ஆள் நான். அதை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் மன்னார்குடி பஸ் நிலையத்துத் தபால் பெட்டியில் ஒரு மொட்டைப் பெட்டிஷன் போட்டேன். எழுத்தை மாற்றி, கோணல்மாணலாக எழுதினேன். இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள். வேலை போனால் இந்த மரத்தடியில் அந்தத் தூளி தொங்காது, நான் பார்க்க வேண்டியிருக்காது என்று நினைத்தேன். கண்ணில் படாமல் போனால் போதும் என்றிருந்தது. அவ்வளவு சின்னப் புத்தி.

விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்ததும் நான் பயந்துபோனேன். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

“இங்க பாரு. நாலாவது உன் குழந்தை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. போதும். பிரசவ ரெஜிஸ்டர் என்கிட்ட இருக்கு. அதுல பெத்தவ பேர் இருக்கு. எடுத்துக் காட்டிடறேன். வேலை போகாது.”

“எழுதிக்குவாங்களாங்கம்மா?”

“எதை?”

“எம்புள்ள இல்லன்னு நான் சொன்னா, அத எழுதிக்குவாங்களா?”

“எழுதாம எப்படி? கையெழுத்து, கைநாட்டு எல்லாம் வாங்குவாங்க.”

அவள் தூளியைப் பார்த்தாள். “நாளைக்கு இது பள்ளிக்கூடம் போவும். எழுத்துக் கூட்டிப் படிக்கும். கவுருமெண்டு காயிதத்துல, இவ எம்புள்ள இல்லன்னு நான் கை வச்சிருந்தா, எங்கயாவது ஒருநா அது கண்ணுல படாதாங்கம்மா? வேணாங்க. நாலுன்னே எழுதிக்கச் சொல்லுங்க.”

“அப்ப சோத்துக்கு?”

“நாத்துப் பறிக்க மறந்தா போச்சு?” என்றாள். பிறகு எழுந்துகொண்டே, “ஒங்க நோட்டுல இருக்கறது ஒங்க நோட்டோட இருக்கட்டுங்க” என்றாள்.

அதிகாரி தஞ்சாவூரிலிருந்து ஜீப்பில் வந்தார். வெயில் நேரம். மேசைக்குப் பின்னால் என் நாற்காலியில் அவர் உட்கார்ந்துகொண்டார். அவள் நின்றாள், குழந்தை இடுப்பில். நான் சுவரோரம். அவர் பெட்டிஷனை எடுத்துச் சத்தமாகப் படித்தார். கோணல் எழுத்தைத் தட்டித் தடவிப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் சிரித்துவிட்டார்.

“பாருங்க, எவனோ வேலையத்தவன். ‘மேற்படியாளின் நான்காவது குழந்தைக்குப் பதினோரு மாதம் ஆகிறது. கீழே இரண்டு பல்லும் மேலே ஒரு பல்லும் முளைத்துள்ளன.’ பல்லு வரைக்கும் எண்ணி எழுதியிருக்கான்.”

மேல் பல் முளைத்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெட்டிஷன் எழுதும்போது வெண்மையாகத் தலை காட்டியிருந்தது, அவ்வளவுதான். எடை பார்க்கும்போது நான்தான் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். “மேல ஒண்ணு வந்துடுச்சு” என்று அவளிடம் முதலில் சொன்னதும் நான்தான்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று எழுதினால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருக்கும். பூவரச மரத்தடியில் வந்து குந்துகிற பெண்களைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள், நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன் என்பது போல. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இந்த நாலும் உன் குழந்தைங்கதானா?” என்றார் அதிகாரி.

“ஆமாங்கய்யா. எம்புள்ளைங்கதான்.”

“நர்ஸம்மா, நீங்க சொல்லுங்க. நாலா?”

என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் ரெஜிஸ்டர் இருந்தது. கையை நீட்டினால் போதும். வேலையைக் காப்பாற்றலாம். அவள் கேட்டுக்கொண்டதை மீறலாம். மீறவில்லை. அதற்கு அவள் கேட்டுக்கொண்டது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவு நல்ல மனசு இல்லை. இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அந்தப் பல்லைப் பற்றி அவர் என்னைக் கேட்டுவிடுவாரோ என்ற பயமும் இருந்தது.

“நாலுதான் சார்” என்றேன்.

அவள் கைநாட்டு வைத்தாள். மையைப் பூவரச இலையில் துடைத்தாள். போகும்போது, “வரேங்கம்மா” என்றாள், தினமும் சொல்கிற மாதிரியே. அந்த மாதமே குடும்பத்தோடு நாகப்பட்டினம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். கருவாடு காயவைக்கிற இடத்தில் வேலையாம். ஊரில் இருந்தால் யாராவது அந்தக் குழந்தையிடம் சொல்லிவிடுவார்கள் என்றுதான் போயிருப்பாள். பெட்டிஷன் எழுதியது யார் என்று ஊர் கடைசி வரை பேசிக்கொண்டது. காரியக்காரர் என்றார்கள், செங்கொடிக்காரன் என்றார்கள். என்னை யாரும் சொல்லவில்லை. அவள் வாயைத் திறந்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும்.

மரத்தடி காலியானது. பெண்கள் அதற்குப் பிறகும் என் மேசைக்கு வரவில்லை. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். எனக்குக் குழந்தை பிறக்கவே இல்லை.

இருபத்து நாலு, இருபத்தைந்து வருடம் கழித்து, மன்னார்குடியில் நான் ஓய்வு பெற்று உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் விசாரித்துக்கொண்டு வந்தாள். தலை நிறையப் பூ, கையில் பிளாஸ்டிக் உறை. புருஷன் மஸ்கட்டில் இருக்கிறான், கூட்டிக்கொண்டு போகப் போகிறான், பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் இழுத்தடிக்கிறார்கள் என்றாள்.

“பொறந்தத எங்கயும் பதியலயாம்மா. பிரசவம் பாத்தவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வான்னாங்க. அம்மாதான் ஒங்க பேரச் சொல்லி அனுப்பிச்சு. அந்த நர்ஸம்மா எழுதித் தருவாங்க, போன்னுச்சு.”

“உங்கம்மா யாரு?”

சொன்னாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். காபி கொடுத்தேன். அவள் குடிக்கும்போது வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பல் விழுந்து முளைத்த பல்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தேன்.

“அம்மா எப்படி இருக்கா?”

“நல்லாருக்கு. அண்ணங்க ரெண்டு பேரும் மீன் புடிக்க போட்டுல போறாங்க. அக்காவுக்கு ரெண்டு புள்ள. அம்மா எங்கூடத்தான் இருக்கும். என்னைய உட்டா அதுக்கு ஒண்ணும் ஓடாது. இப்ப மஸ்கட்டு போறேன்னதும் ஒரே அழுவ.”

அவள் நீட்டிய தாளை வாங்கிக்கொண்டேன். பிறந்த இடம் எழுதினேன். பிறந்த நேரம், காலை பத்து மணி என்று எழுதினேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தாயின் பெயர் என்ற இடம் வந்தது. பேனா நின்றது. ரெஜிஸ்டரில் உள்ள பெயர் எனக்கு மறக்கவில்லை. அது உண்மை. அந்த இடத்தில் என் பெயர் வந்திருக்கலாம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் யோசிக்காமல் இருந்திருந்தால். அந்த நினைப்பு வந்ததும் நெஞ்சில் பழைய எரிச்சல் அப்படியே வந்தது. கொஞ்சமும் குறையவில்லை.

அவளுடைய பெயரை எழுதினேன். இந்தத் தடவை கோணல் இல்லாமல், என் சொந்தக் கையெழுத்தில். கீழே என் பெயரும் போட்டேன்.

அந்தப் பெண் தாளை உறைக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள்: “என்னைப் பெக்கறப்ப அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டுச்சாம்மா? கேட்டா சொல்லவே மாட்டேங்குது.”

“ஆமாம்மா. ரொம்பத்தான் கஷ்டப்பட்டா. ஆனா கடைசி வரைக்கும் வாயே தெறக்கல.”

“அதானே பாத்தேன், அது அப்படித்தான்.” செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பி நின்றாள். “அம்மாகிட்ட ஏதாச்சும் சொல்லணுமாம்மா?”

“அவளை நெனச்சா எனக்கு இன்னும் பொறாமையா இருக்குன்னு சொல்லு.”

நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் சிரித்தாள். “சொல்றேம்மா” என்றாள்.